வைக்கோலுக்கு மொலாசஸ்–யூரியா கரைசல்: எவ்வளவு, எப்படி?

கேள்வி: பசுந்தீவனம் தீர்ந்துவிட்டது. 8 லிட்டர் கறக்கும் பசுவுக்கு வைக்கோலும் அடர்தீவனமும்தான் போடுகிறேன். மொலாசஸில் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) யூரியா கரைத்துக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர். மாடு செத்துப்போகும் என்கிறார்கள் சிலர். எது சரி? கால்சியம் டானிக் ஊற்றினால் போதாதா?

பதில்: இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். அளவும் கலக்கும் விதமும் தப்பினால் யூரியா விஷம்.

மாட்டின் பெருவயிற்றில் (இரைப்பையின் பெரிய முதல் அறை) யூரியா அம்மோனியாவாக உடைகிறது. அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைப் பிடித்துத் தங்கள் உடல் புரதமாக்குகின்றன. பிறகு அவையே செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. அந்த வேலைக்கு உடனடிச் சக்தி தேவை. மொலாசஸ் சேர்ப்பது அதற்காகத்தான், இனிப்புக்காக மட்டுமல்ல. நுண்ணுயிரி பெருகினால் வைக்கோலும் நன்றாகச் செரிக்கும், மாடு கூடுதலாகத் தின்னும்.

வளர்ந்த மாடு ஒன்றுக்கு, ஒரு நாளின் 5 கிலோ வைக்கோலுக்கு: யூரியா 50 கிராம், மொலாசஸ் 500 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம், சாதா உப்பு 30 கிராம், தண்ணீர் 2 லிட்டர். யூரியாவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். முதலில் யூரியாவை மட்டும் தண்ணீரில் ஒரு குருணைகூட இல்லாமல் கரையுங்கள். அதன் பிறகே மொலாசஸ், உப்பு, தாது உப்பு. தாது உப்பு முழுதாகக் கரையாது, அடியில் தங்கும். கலக்கிக்கொண்டே பூவாளியால் தெளித்து, வைக்கோலைப் புரட்டி விடுங்கள். இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போட வேண்டும்.

முதல் நாளே 50 கிராம் கூடாது. முதல் வாரம் 15, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 50. இடையில் சில நாள் நிறுத்தினால் மறுபடியும் 15-இலிருந்து தொடங்குங்கள். 50 கிராம் யூரியா தரும் புரதம் ஏறக்குறைய 300 கிராம் கடலைப் பிண்ணாக்குக்குச் சமம். அதற்காக 8 லிட்டர் மாட்டின் அடர்தீவனத்தைக் குறைத்துவிடாதீர்கள், பால் இறங்கிவிடும். வாங்கும் அடர்தீவனத்தில் ஏற்கெனவே யூரியா இருக்கிறதா என்று மூட்டையில் பாருங்கள். இருந்தால் கரைசலில் அந்த அளவைக் கழித்துவிடுங்கள்.

விபத்து பெரும்பாலும் எப்படி வருகிறது? பசியோடு நிற்கும் மாடு வாளிக் கரைசலை அப்படியே குடித்துவிடும். கரையாத யூரியா அடியில் கட்டியாகக் கிடக்கும். திறந்த தொட்டியில் மழைநீர் விழுந்து மேலே யூரியாத் தண்ணீர் நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாயில் நுரை, உடல் நடுக்கம், தள்ளாட்டம், வயிறு உப்புசம் தெரியும். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். வினிகரையும் குளிர்ந்த நீரையும் குழாய் வழியாக வயிற்றில் செலுத்துவார். அமிலமும் குளிர்ச்சியும் அம்மோனியா ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கும். 6 மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கும் குதிரைக்கும் இந்தக் கரைசல் கூடவே கூடாது. பச்சைச் சோயாவோடும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள நொதி யூரியாவை வேகமாக உடைத்துவிடும்.

கரைசலை அன்றன்று தயாரியுங்கள். தண்ணீர் கலந்த மொலாசஸ் புளித்துவிடும். மொலாசஸ் கூடினால் சாணம் இளகும், அப்போது அளவைக் குறையுங்கள்.

கால்சியம் டானிக் வேறு வேலைக்கு. புரதமோ சக்தியோ அதில் கிடைக்காது. கன்று ஈன்றபின் சுண்ணாம்புச் சத்து குறையாமல் இருக்க அது உதவும். ஆனால் சினையின் கடைசி வாரங்களில் தாராளமாக ஊற்றுவது தவறு: எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் பழக்கம் உடலுக்குக் குறைந்து, ஈன்றதும் பால் காய்ச்சல் (ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு எழ முடியாமல் படுத்துவிடும் நோய்) வர வாய்ப்பு கூடும். அப்படிப் படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறி நுரையீரலுக்குப் போகும். அதற்கு மருத்துவர் போடும் ரத்தநாள ஊசிதான் வழி.