புரதத்தில் எந்த ரெசிடியூ எதைத் தொடுகிறது என்று பார்க்க 4 ஆங்ஸ்ட்ராமா, 5ஆ, 8ஆ?

உங்கள் கேள்வி இது: கையில் ஒரு பிடிபி கோப்பு (புரதத்தின் ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று சொல்லும் கோப்பு) இருக்கிறது, அதில் ஒன்றையொன்று தொடும் ரெசிடியூக்களை, அதாவது சங்கிலியில் கோத்த அமினோ அமிலங்களை, பட்டியல் எடுக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையும் ஒவ்வொரு தூரத்தைச் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

4, 5, 8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) மூன்று எண்களுமே சரிதான். ஆனால் மூன்றும் ஒரே கேள்விக்கான விடை அல்ல. முதலில் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். தூரம் அதிலிருந்து தானாக வரும். பல ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இது தலைகீழாக நடக்கிறது. யாரோ ஒருவருடைய நிரலில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து ஓட்டிவிட்டு, வந்த பட்டியலுக்கு அப்புறம் அர்த்தம் தேடுகிறார்கள்.

8 ஆங்ஸ்ட்ராம் என்பது பீட்டா கார்பன்களுக்கு இடையிலான தூரம். முதன்மைச் சங்கிலியிலிருந்து ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கச்சங்கிலியின் முதல் கார்பன்தான் பீட்டா கார்பன். கிளைசினுக்குப் பீட்டா கார்பன் கிடையாது, அதனால் அதற்கு முதன்மைச் சங்கிலியில் உள்ள ஆல்ஃபா கார்பன். புரத வடிவக் கணிப்புக்கான காஸ்ப் போட்டியில் தொடுகைக் கணிப்பை மதிப்பிட்டது இந்த வரையறையில்தான். சங்கிலி எப்படி மடிந்திருக்கிறது, எந்தப் பகுதி எதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க இது அருமையான அளவு. ஆனால் இரண்டு பக்கச்சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்கில் அவை தொடுகைதான். அதேபோல லைசின், ஆர்ஜினின் போன்ற நீளமானவை தூரத்திலிருந்தே கை நீட்டி ஓர் அஸ்பார்டிக் அமிலத்தைப் பிடித்திருந்தால், பீட்டா கார்பன் தூரம் 8ஐத் தாண்டி அந்தப் பிணைப்பு பட்டியலிலிருந்து விழுந்துவிடலாம்.

உண்மையிலேயே எது எதோடு உரசுகிறது என்று தெரிய வேண்டுமென்றால், ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களை எடுத்து, ஏதாவது ஒரு ஜோடி 4 முதல் 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பனின் வாண்டர்வால்ஸ் ஆரம் (பிணைக்கப்படாத அணுக்கள் முட்டிக்கொள்ளும் எல்லை) சுமார் 1.7 ஆங்ஸ்ட்ராம். இரண்டு கார்பன் முட்டி நின்றால் 3.4. கொஞ்சம் இடைவெளியும் கொஞ்சம் அளவீட்டுப் பிழையும் சேர்த்தால் 4க்கு மேல் வந்துவிடும். நான் பெரும்பாலும் 4.5இல் தொடங்குவேன். கைமேராஎக்ஸ் மென்பொருள் இன்னும் நேர்த்தியாகச் செய்கிறது. ஒரே தூரத்தை எல்லா அணுக்களுக்கும் போடாமல், இரண்டு அணுக்களின் ஆரங்களைக் கூட்டி, இடைவெளி 0.4 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை என்று எடுத்துக்கொள்கிறது. பயோபைத்தான் என்ற பைத்தான் நிரல் தொகுப்பில் நீங்களே எழுதுவதானால் அதிலுள்ள நெய்பர்சர்ச் என்ற அருகணுத் தேடல் கருவி போதும், ஆயிரக்கணக்கான அணுக்களைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும்.

இந்த இடத்தில் ஜி.என். ராமச்சந்திரனைச் சொல்லாமல் போக முடியாது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து அவர், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் வரைபடம் இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடிப்படையே ஒரு தொடுகைத் தூர அட்டவணைதான். பிணைக்கப்படாத இரண்டு கார்பன்கள் சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ராம் வரை நெருங்கலாம், மிஞ்சிப்போனால் 3.0. இரண்டு ஆக்சிஜன்களுக்கு 2.7, மிஞ்சினால் 2.6. நாம் ‘எவ்வளவு தூரம் வரை தொடுகை’ என்று கேட்கிறோம், அவர்கள் ‘எவ்வளவு நெருங்கினால் தாங்காது’ என்று கேட்டார்கள். அந்த அட்டவணை இன்றைக்கும் உங்களுக்கு உதவும். பட்டியலில் இரண்டு கார்பன்கள் 2.8இல் நின்றால் அதை வலுவான தொடுகை என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் வடிவமே சரியாகப் பொருத்தப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

சரி, ஒரு நிஜப் புரதத்தில் பார்ப்போம். கற்றுக்கொள்ள நான் எப்போதும் சொல்வது 2எச்பிஎஸ் என்ற பிடிபி பதிவு. அரிவாள் செல் ஹீமோகுளோபின், ஆக்சிஜன் இல்லாத நிலையில், 2.05 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில், 1997இல் வெளியானது. அரிவாள் செல் நோய்க்குக் காரணம் ஓரிடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் இருப்பதுதான் என்று 1957இல் வெர்னன் இன்கிராம் காட்டினார். அந்த இடம் பீட்டா சங்கிலியின் 6ஆவது இடம். ஒரே ஒரு ரெசிடியூ. அது எப்படி ஒரு சிவப்பணுவையே வளைத்துவிடுகிறது?

இதற்கான விடை முழுக்க முழுக்கத் தொடுகையில் இருக்கிறது. ஒரு மூலக்கூறின் வாலின் 6, பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் ஃபீனைல்அலனின் 85, லூசின் 88 இரண்டும் சேர்ந்து அமைக்கும் எண்ணெய்ப்பசையான குழிக்குள் போய் உட்காருகிறது. மின்சுமையும் நீளமான பக்கச்சங்கிலியும் கொண்ட குளுடாமிக் அமிலம் அங்கே பொருந்தாது. வாலினுக்கு அது சொந்த வீடு மாதிரி. ஆக்சிஜன் ஏறிய வடிவத்தில் இந்தப் பொருத்தம் அமைவதில்லை. அதனால்தான் ஆக்சிஜனை இழக்கும்போது மட்டும் மூலக்கூறுகள் இரட்டைச் சரமாகக் கோத்துக்கொள்கின்றன. அப்படி ஏழு இரட்டைச் சரங்கள் சேர்ந்தால் ஓர் இழை. அந்த இழைகள்தான் சிவப்பணுவை உள்ளிருந்து நீட்டி வளைக்கின்றன.

இப்போது உங்கள் நிரலை இதில் ஓட்டிப் பாருங்கள். ஒரே சங்கிலிக்குள் மட்டும் தேடினால் இந்தத் தொடுகை வரவே வராது. நான்கு சங்கிலி கொண்ட ஒற்றை ஹீமோகுளோபினை மட்டும் வெட்டி எடுத்துத் தேடினாலும் வராது. கோப்பில் இருக்கும் எட்டுச் சங்கிலிகளையும் (இரண்டு மூலக்கூறுகள்) சேர்த்துத் தேடினால்தான் தெரியும். படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களைப் படிக அடுக்கலின் விளைவு என்று ஒதுக்கிவிடுவது வழக்கம், பெரும்பாலான புரதங்களுக்கு அது நியாயமும்கூட. ஆனால் இங்கே ஒதுக்கப்படுவது நோயேதான்! இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு மூலக்கூறில் இரண்டு வாலின் 6 இருந்தாலும் பக்கத்து மூலக்கூறோடு ஏற்படும் இந்தப் பக்கவாட்டுப் பிடிப்பில் சேர்வது ஒன்றுதான். ஒரு தொடுகை ஒரு சங்கிலியில் தெரிந்து அதன் இரட்டையில் தெரியவில்லை என்றால் உடனே நிரலில் பிழை என்று நினைக்க வேண்டாம்.

அதே குழிக்குப் பக்கத்தில் 87ஆவது இடத்தைப் பாருங்கள். பெரியவர்களின் பீட்டா சங்கிலியில் அங்கே திரியோனின். கருவில் இருக்கும்போது உள்ள காமா சங்கிலியில் குளுடமின். கொஞ்சம் பெரிய அந்தப் பக்கச்சங்கிலி பக்கவாட்டுப் பிடிப்பைக் கெடுக்கிறது. கரு ஹீமோகுளோபின் இழை உருவாவதைத் தடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பீட்டா சங்கிலியின் 87இல் குளுடமினை வைத்த மரபணுவை நோயாளியின் குருதி மூல செல்களில் சேர்க்கும் லிஃப்ஜீனியா சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபு இருப்பது 1952இலேயே பதிவான விஷயம். சில ஆங்ஸ்ட்ராம் இடைவெளியைப் பற்றிய ஒரு கணக்கு இவ்வளவு தூரம் போகும் என்பதால்தான் உங்கள் பட்டியலை அக்கறையோடு எடுங்கள் என்கிறேன்.

இங்கேயே எண் குழப்பமும் ஒன்று உண்டு. மரபணு அறிக்கைகளில் இந்த மாற்றம் 7ஆவது இடம் என்று வரும். தொடக்க மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் அப்படி. பிடிபி கோப்பில் அது 6. வேறு தரவுத்தளத்தோடு ஒப்பிடும் முன் இதைச் சரிபாருங்கள்.

பட்டியல் வந்தபின் வகை பிரியுங்கள். நைட்ரஜனோ ஆக்சிஜனோ 3.5க்குள் இருந்து கோணமும் பொருந்தினால் ஹைட்ரஜன் பிணைப்பு. எதிரெதிர் மின்சுமை கொண்ட குழுக்களின் அணுக்கள் 4க்குள் இருந்தால் உப்புப் பாலம். கொரோனா வைரஸின் கூர்முனைப் புரதம் நம் ஏசிஇ2 ஏற்பியைப் பிடிக்கும் வடிவத்தில் (பிடிபி பதிவு 6எம்0ஜே) லைசின் 417க்கும் அஸ்பார்டிக் அமிலம் 30க்கும் இடையே அப்படி ஒரு பாலம் உண்டு. ஒமிக்ரானில் அந்த லைசின் அஸ்பராஜினாக மாறியதும் பாலம் போய்விட்டது. ஆனாலும் வைரஸ் பரவியது, ஏனென்றால் அந்த மாற்றம் சில எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்ப உதவியது, வேறு மாற்றங்கள் பிடிப்பை ஈடுகட்டின. தொடுகைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் பிணைப்பு வலிமையை எடைபோட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. சங்கிலியில் அடுத்தடுத்து உள்ள ரெசிடியூக்களை விலக்குங்கள், அவை எப்படியும் தொடும். ஹெலிக்ஸில் (சங்கிலி சுருளாக இருக்கும் பகுதியில்) நான்கு இடம் தள்ளி இருப்பதும் தொடும். அதனால் தூரத் தொடுகைகள் வேண்டுமானால் இன்னும் அதிக இடைவெளி வையுங்கள். அஸ்பராஜின், குளுடமின், ஹிஸ்டிடின் மூன்றிலும் பக்கச்சங்கிலி தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு, எக்ஸ்-கதிர்ப் படத்தில் நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினம். மால்ப்ராபிட்டி என்ற வடிவச் சரிபார்ப்புத் தளத்தில் கோப்பை ஏற்றினால் அது சுட்டிக்காட்டும். ஆல்ஃபாஃபோல்டு கணினி மூலம் கணித்த மாதிரி என்றால் நம்பகத்தன்மை குறைந்த பகுதிகளின் தொடுகைகளைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

முதலில் 2எச்பிஎஸ்ஸில் 4, 4.5, 5 என்று மூன்று முறை ஓட்டி, வாலின் 6ஐச் சுற்றி என்னென்ன வருகிறது என்று பாருங்கள். அப்புறம் உங்கள் புரதத்துக்குப் போகலாம். அது எந்தப் புரதம், மடிப்பைப் பார்க்கிறீர்களா பிணைப்பைப் பார்க்கிறீர்களா என்று கருத்தில் எழுதினால், எந்த வரையறை பொருந்தும் என்று சொல்கிறேன்.