அதிமதுரம்: குச்சியா, பொடியா?

கேள்வி: எனக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்கிறது. அதிமதுரம் நல்லது என்கிறார்கள். குச்சியாக வாங்குவதா, பொடியாக வாங்குவதா? பொடி டப்பாவில் 'முற்றிலும் இயற்கை, பக்கவிளைவு அற்றது' என்று போட்டிருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அப்பா விஷயம். அவருக்கு வேண்டாம்.

அதிமதுரத்தின் தித்திப்பே கிளைசிரைசின் என்ற பொருளால்தான் வருகிறது. சிக்கலும் அதனால்தான். சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உண்டு. கிளைசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடும்; கார்டிசோல் அடங்காமல் வேலை செய்யும். அப்புறம் உடம்பு உப்பையும் நீரையும் தேக்கிக்கொண்டு, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் ரொம்பவும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நீர் பிரிய மாத்திரையோ, டிகாக்சின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக, இதய நோயாளிகளுக்கும் இது ஆகாது. இயற்கையான வேர் செய்யும் வேலைதான் இத்தனையும். டப்பாவில் இருக்கும் வாசகம் வெறும் விளம்பரம்.

உங்களுக்கு இந்த நோய்கள் எதுவும் இல்லையென்றால், சிறு துண்டை வாயில் அடக்கிச் சாற்றை விழுங்கும் பழைய வழக்கம் சில நாளைக்குப் பரவாயில்லை. தினசரிப் பழக்கமாக்க வேண்டாம். கிளைசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வல்லுநர்கள் வைத்த வரம்பு. ஆனால் அதன் அளவு வேருக்கு வேர் மாறும், கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. தொண்டைக்கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வாங்குவதென்றால் குச்சியே மேல். தோல் பழுப்பாக இருக்கும். ஒடித்தால் உள்ளே மஞ்சள், நார் நாராகப் பிரியும். பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம். குன்றிமணிக் கொடியின் வேரும் அதிமதுரம் என்று விற்கப்படுவதுண்டு. அதன் விதை கொடிய விஷம். பொடித்துவிட்டால் எது எதுவென்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. பொடிதான் வேண்டுமென்றால் 'கிளைசிரைசா கிளாப்ரா' என்ற தாவரப் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளைசிரைசின் நீக்கிய மாத்திரைகளும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் வயிற்று எரிச்சலுக்காக விற்கப்படுபவை. தொண்டைக்கென்று வாங்கத் தேவையில்லை.

சரி, இன்னொன்று. அப்பா சப்பும் இருமல் மிட்டாய், குடிக்கும் மூலிகைத் தேநீர் பாக்கெட்டுகளையும் திருப்பிப் பாருங்கள். அவற்றிலும் அதிமதுரம் சேர்ப்பதுண்டு.