பழைய பிக்கப்புக்கு எந்த ஷாக் அப்சார்பர்?

கேள்வி: 1969 செவர்லே சி10. வருடத்தைச் சொல்லிப் பின்பக்க ஷாக் வாங்கினேன், பொருந்தவில்லை. ஏன்?

பதில்: வருடம் மட்டும் போதாது. 1967 முதல் 1972 வரை வந்த சி10-இல் பின்பக்கம் காயில் ஸ்பிரிங்தான் வழக்கம். ஆனால் பட்டை ஸ்பிரிங் (லீஃப் ஸ்பிரிங்) கேட்டு வாங்கியவர்களும் உண்டு. இத்தனை வருடத்தில் யாராவது ஸ்பிரிங்கை மாற்றியும் இருக்கலாம். அதனால் அடியில் படுத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

வண்டி சமதரையில் தன் சக்கரங்களில் நிற்கும்போது, மேல் போல்ட்டின் நடுவிலிருந்து கீழ் போல்ட்டின் நடு வரை டேப் பிடியுங்கள். 16 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலுக்கும், அது சேஸிஸில் மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையே 4 அங்குலம் இருந்தால், ஷாக் 12 வரையாவது சுருங்க வேண்டும். ரப்பரும் நசுங்கும் என்பதால் 11 வரை சுருங்குவதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் பெரிய பள்ளத்தில் ரப்பருக்கு முன்னால் ஷாக்கே அடி வாங்கும்.

அப்புறம் சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஆக்சிலைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். பட்டை ஸ்பிரிங் என்றால் புது ஷாக் அதைவிடச் சற்று அதிகமாக நீள வேண்டும். காயில் வண்டியில் பழைய ஷாக்கைக் கழற்றாமல் அளங்கள். ஆக்சில் அளவு மீறித் தொங்காமல் பிடிப்பது பெரும்பாலும் அதுதான், ஆகவே அதே நீளம் வேண்டும்.

கேள்வி: லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்காருகிறது. கெட்டியான ஷாக் போட்டால் நிமிருமா?

பதில்: நிமிராது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அதன் ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங்கைச் சரிசெய்யுங்கள். தேவைக்கு மேல் கெட்டியான ஷாக் போட்டால், லோடு இல்லாதபோது மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளும்.

கேள்வி: வெறும் ஆயில் ஷாக்கா, கேஸா?

பதில்: கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடினால் ஆயிலில் நுரை கட்டி, பிடிப்பு குறையும். நைட்ரஜன் அழுத்தம் அதைத் தடுக்கிறது. என் கருத்து, குறைந்த அழுத்த கேஸ் உள்ள இரட்டைக் குழாய் வகையே பழைய பிக்கப்புக்கு இதமானது. ஒற்றைக் குழாய் வகை சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் கல் பட்டு அந்த ஒரே குழாய் நசுங்கினால் பிஸ்டனே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: லேசான எண்ணெய் ஈரம் தெரிகிறது. மாற்றணுமா?

பதில்: மெல்லிய ஈரம் பரவாயில்லை. வழிந்து அழுக்குப் படிந்திருந்தால், அந்த ஆக்சிலின் இரண்டையும் மாற்றுங்கள். பம்பரை அழுத்திப் பார்ப்பது கெட்டியான பட்டை ஸ்பிரிங்கில் எதையும் காட்டாது. கீழ் முனையைக் கழற்றிக் கையால் இழுத்துப் பாருங்கள். நடுவில் தடையே இல்லாமல் நழுவினால் ஷாக் போய்விட்டது.

கேள்வி: இடம் போதவில்லை. சாய்த்து மாட்டலாமா?

பதில்: கொஞ்சம் சாய்க்கலாம். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் முக்கால் பங்கு வேலைதான் செய்யும். 45-இல் பாதிதான்.

கேள்வி: நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: முனையில் மரையுள்ள தண்டு வகையில் ரப்பர் புஷ் வாஷரின் விளிம்பு வரை பிதுங்கினால் போதும், நிறுத்திவிடுங்கள். முனையில் வளையம் உள்ள கண் வகையில் போல்ட்டைக் கையளவு மாட்டி, வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் விழுந்த பிறகே இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் புஷ் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.