முங்கின கப்பலைத் தூக்கப் போறானாம்: தங்கச்சிமடத்து அம்மாவுக்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தை இரண்டு தடவை படித்தேன். "கடலு போதும்னுதான் சார் இவனப் படிக்க வச்சோம். இவன் என்னடான்னா கடலுக்கு அடியில கெடக்குற கப்பலத் தூக்கப் போறேங்குறான். இதுக்கெல்லாம் படிப்பு இருக்கா, இல்ல போனப் பாத்துக் கெட்டுப் போயிட்டானா?" பையன் பிளஸ் டூ, கணக்கு உயிரியல் பிரிவு. அப்பா விசைப்படகு வைத்திருக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் கப்பல் தூக்கும் வீடியோ பார்க்கிறான். ராமநாதபுரத்தில் நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசனை சொல்கிறேன். போர்வைக்குள் இதைப் பார்க்கிற பையனைப் பற்றி ஒரு தாய் கவலைப்பட்டு எழுதியது இதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பையன் கெட்டுப் போகவில்லை. அவன் சொல்வது உண்மையான தொழில். சால்வேஜ் என்பார்கள். ஆனால் பிளஸ் டூ முடித்ததும் நேராகப் போய்ச் சேர அதற்கென்று ஒரு டிகிரி கிடையாது. கப்பல் வடிவமைப்பவர், மரைன் இன்ஜினியர், கப்பல் ஓட்டிய கேப்டன், முக்குளிப்பவர், வெல்டர், கிரேன்காரர் என்று ஏற்கெனவே ஒரு வேலையில் கை தேர்ந்தவர்கள் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து வந்து சேருகிற இடம் அது. எந்த வேலை வழியாகப் போய்ச் சேருவது என்பதை மட்டும் இப்போது முடிவு செய்தால் போதும்.

படிப்புக்குப் போகுமுன், இந்த வேலை உங்கள் வீட்டுக்குப் புதுசு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். படகு முங்கினால் ஊரில் என்ன செய்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். இரண்டு படகை இரண்டு பக்கமும் கொண்டுபோய், அடியில் கயிறு கொடுத்து, ட்ரம்களைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் இழுத்து, ஆழம் குறைந்ததும் தண்ணீரை இறைக்கிறார்கள். ஸ்வீடனில் 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961-இல் எடுத்ததும் இதே முறையில்தான். கப்பலுக்கு அடியில் சேற்றில் ஆறு சுரங்கம் தோண்டி, அவற்றில் கம்பிவடம் கோத்து, மேலே இரண்டு மிதவைக் கலங்களில் கட்டினார்கள். மிதவையில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்துவது, வடத்தை இறுக்குவது, தண்ணீரை இறைத்துவிடுவது. மிதவை எழும்போது கப்பலும் கொஞ்சம் எழும். அப்படியே ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்தி, மறுபடி முதலிலிருந்து. தோண்டுகிற வேலைக்கே இரண்டு வருஷம் ஆனது.

பாம்பன் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த ராத்திரியில் பாலத்தின் கர்டர்களில், அதாவது தண்டவாளத்தைத் தாங்குகிற இரும்பு உத்திரங்களில், பெரும்பாலானவை அடித்துக்கொண்டு போயின. அப்போது இளம் பொறியாளராக இருந்த, பின்னாளில் 'மெட்ரோ மேன்' எனப்பட்ட ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலம் திரும்ப நின்றது. கடலுக்குள் கிடந்த பழைய கர்டர்களைத் தேடித் தூக்கி மறுபடி பொருத்தியதும் அந்த வேகத்துக்கு ஒரு காரணம். எல்லோரும் நாள் கணக்கைச் சொல்கிறார்களே தவிர, அந்த இரும்பைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்த கதையை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

அடுத்து வருவதைப் பையனைப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, வீடியோவில் நீ பார்ப்பது கிரேனை. வேலை நடப்பது காகிதத்தில். ஒரு கன மீட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ. 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம் ஒன்று தண்ணீருக்குள் காற்றோடு நின்றால் ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்கும். பத்து டன் இரும்பு தண்ணீருக்குள் எட்டே முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், அது இடம்பெயர்க்கிற நீரின் எடை கழிந்துவிடுவதால். அப்படியானால் 44 ட்ரம். கணக்கு முடிந்ததா? இல்லை. சேறு இருக்கிறது. சேற்றில் புதைந்த அடிப்பகுதியைச் சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். 44 ட்ரம் கட்டியும் அசையாது. இன்னும் இருபது கட்டுவாய். பிடி திடீரென்று விடும். அப்போது அந்த இருபது ட்ரம்மின் நான்கு டன்னும் சேர்ந்து கலத்தை மேலே எறியும். மேலே உன் அப்பாவின் படகு நின்றுகொண்டிருக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் முதலில் தண்ணீரையோ காற்றையோ பீய்ச்சிச் சேற்றை இளக்குகிறார்கள்.

இன்னொன்று. காற்றடைத்து மூடின ட்ரம்மைப் பத்து மீட்டர் கீழே கொண்டுபோகவே முடியாது, கொண்டுபோனாலும் நசுங்கும். தண்ணீர் நிரப்பி இறக்கி, கீழே கட்டி, வாயைக் கீழ்ப்பக்கம் திறந்துவைத்து, கம்ப்ரசரால் காற்றை ஏற்ற வேண்டும். பத்து மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே அரை ட்ரம் ஏற்றிய காற்று மேலே வரும்போது முழு ட்ரம்மாக விரியும். அரைத் தூக்கு போதும் என்று நினைத்துத் தொடங்கினால், ஏற ஏறத் தூக்கும் கூடி, வேகமும் கூடும். இதற்கென்றே செய்யும் பெரிய காற்றுப் பைகளில் மிச்சக் காற்றை வெளியேவிடும் வால்வு இருப்பது இதனால்தான்.

இத்தனையும் சரியாகச் செய்து கப்பல் மேலே வந்துவிட்டது என்று வை. பாதித் தண்ணீர் உள்ளே இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் அந்தத் தண்ணீர் முழுக்கச் சாய்ந்த பக்கமே ஓடும். கப்பல் கவிழும். எர்னஸ்ட் காக்ஸ் என்று ஒரு பழைய இரும்பு வியாபாரி. முதல் உலகப் போர் முடிந்து, 1919-இல் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த கப்பல்களை 1924 முதல் எடுக்க ஆரம்பித்தார். சால்வேஜ் அனுபவம் துளிகூடக் கிடையாது. சின்னக் கப்பல்களை வேகமாக எடுத்தார். ஹிண்டன்பர்க் என்ற பெரிய கப்பலை 1926-இல் எடுக்கப் போனபோது அது மிதந்தது, ஆனால் நேராக நிற்கவில்லை. சாய்ந்துகொண்டே போனது. விட்டுவிட்டு, 1930-இல்தான் எடுத்தார். மிதக்க வைப்பது ஒரு கணக்கு, நிமிர்ந்து நிற்க வைப்பது வேறு கணக்கு. இரண்டாவதைச் சொல்லித்தருவது கப்பல் வடிவமைப்புப் படிப்பு.

காக்ஸின் ஆரம்ப வேலைகளில் கடலே பாதி வேலை செய்தது. வத்தத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கியபோது, வடத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, மட்டம் ஏறுகிற ஏத்தத்துக்குக் காத்திருந்தார். அங்கே ஏத்தம் வத்தத்துக்கு நடுவே ஏறக்குறைய மூன்று மீட்டர் வித்தியாசம். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் அது ஒரு மீட்டர்கூட வராது. எனவே அந்த வித்தை இங்கே எடுபடாது. அதற்குப் பதில் நமக்கு வேறு வசதி: பாக் நீரிணைப் பக்கம் பல இடத்தில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். முக்குளிப்பவர் அதிக நேரம் கீழே வேலை பார்க்கலாம். ஆனால் தெற்கே மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்கா. பவளப்பாறைமேல் நங்கூரம் போட்டு இழுக்கிற வேலை அங்கே நடக்காது. ஒவ்வொரு கடலுக்கும் வேறு முறை. இதை யோசிக்கப் பிடிக்கிறதென்றால் இந்தத் தொழில் உனக்குப் பொருந்தும். கிரேன் மட்டும்தான் பிடிக்கிறதென்றால் இன்னும் கொஞ்சம் யோசி.

(1964-இல் குவைத் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகளோடு முங்கிய ஒரு கப்பலை, டென்மார்க்காரர் கார்ல் க்ரோயர் தெர்மக்கோல் மணிகளை உள்ளே பம்ப் செய்து எழுப்பினார். அது உனக்குத் தெரிந்திருக்கும். உன் அம்மாவுக்கும் சொல், சிரிப்பார்.)

பெரிய வேலைகளைப் பற்றி நீண்டு எழுதவில்லை, நீயே பார்த்திருப்பாய். 108 மீட்டர் ஆழத்திலிருந்து 2001-இல் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கியை 26 ஜாக்குகளால், ஒவ்வொன்றிலும் 54 இழை வடம் வைத்துத் தூக்கினார்கள். சாய்ந்து கிடந்த கோஸ்டா கான்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பலை 2013 செப்டம்பரில் 19 மணி நேரம் உருட்டி நிமிர்த்தினார்கள். 19 மணி நேரம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்த தயாரிப்பைக் கவனி.

இனி அம்மாவுக்கு.

நான் அவனை முதலில் அனுப்ப நினைப்பது நேவல் ஆர்க்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது, ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுத வேண்டும். கொச்சிப் பல்கலைக்கழகமான குசாட்டில் இருக்கிறது, அவர்களே தனி நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டினம் வளாகத்தில் இருக்கிறது, அதற்கு ஐ.எம்.யூ. நுழைவுத் தேர்வு. படித்துவிட்டுக் கப்பல் கட்டும் தளத்திலோ, கப்பலைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்திலோ வேலை பார்க்கலாம். சால்வேஜ் அமையாமல் போனாலும் சோறு உண்டு. எனக்கு இதுதான் முக்கியம்.

அடுத்தது மரைன் இன்ஜினியரிங். அதற்கும் ஐ.எம்.யூ. தேர்வு. இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் சேர்ந்து 60 சதவீதமும், ஆங்கிலத்தில் 50 சதவீதமும் கேட்கிறார்கள். அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் கட்டுமுன் கண் டாக்டரிடம் போய் நிறக்குருடு இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தபிறகு இது தெரியவந்து அழுத குடும்பங்களை எனக்குத் தெரியும். கப்பலில் வேலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் அந்த ஏஜென்ட்டின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மார்க் வராவிட்டால் ஐ.டி.ஐ. வெல்டர் அல்லது ஃபிட்டர். முகம் சுளிக்காதீர்கள். கப்பலின் ஓட்டையை அடைப்பது, தூக்குவதற்குக் கொக்கி பற்றவைப்பது எல்லாம் வெல்டர் கையில்தான். அதன்மேல் டிப்ளமோ, அதன்மேல் இன்ஜினியரிங் என்று ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

முக்குளிக்கிற வழியை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன் ஏர்வாடிப் பக்கத்துப் பையன் ஒருவனை நானே ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினேன். சங்கு குளிக்கிற குடும்பம், மூச்சு நன்றாகப் பிடிப்பான். ஒன்றரை லட்சம் கட்டினார்கள். கிடைத்தது சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் பவளப்பாறை பார்க்க எடுக்கிற சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு எந்த வேலைத் தளத்திலும் நுழைய முடியாது. நான் விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு. வேலைக்கான டைவிங் சான்றிதழ் வேறு, அது ஐ.எம்.சி.ஏ. என்ற கடல்வேலை நிறுவனங்களின் சர்வதேசச் சங்கம் ஏற்றுக்கொள்கிற பட்டியலில் இருக்க வேண்டும். பணம் இல்லாமல் கற்க வேண்டுமென்றால் கடற்படை இருக்கிறது, கொச்சியில் அவர்களுக்கென்று டைவிங் பள்ளி உண்டு. ஆனால் படையில் சேர்ந்த எல்லோரையும் அதற்கு எடுப்பதில்லை.

ஊரில் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார்களே, அதை அவன் "பிராக்டிஸ்" என்று செய்துபார்க்க விடாதீர்கள். கீழே அதிக நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும். மூட்டு வலியில் ஆரம்பித்து இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனவர்கள் உண்டு. உங்கள் பயம் இந்த இடத்தில் நியாயமான பயம். மற்ற இடங்களில் கொஞ்சம் அதிகம். இன்றைக்கு சால்வேஜில் திட்டம் போடுகிறவர்களின் பாதி யோசனை, ஆளைத் தண்ணீருக்குள் இறக்காமல் முடிக்க முடியுமா என்பதுதான்.

வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கப்பல் முங்கினால்தான் வேலை, எனவே மாதச் சம்பளம் போலச் சீராக வராது. பழைய வழக்கப்படி, காப்பாற்றினால் கூலி, இல்லையேல் ஒன்றுமில்லை என்கிற ஒப்பந்தம்கூட இன்றும் இருக்கிறது. ஆனால் முங்கிய கப்பலை அகற்றும் செலவுக்குக் கப்பல்காரர் காப்பீடு வைத்தே ஆக வேண்டும் என்ற நைரோபி உடன்படிக்கை 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது, இந்தியாவும் அதில் உண்டு. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் கன்டெய்னர்களோடு முங்கிய எம்.எஸ்.சி. எல்சா 3-ஐ டிவியில் பார்த்திருப்பீர்கள். அதன் பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரைவரை வந்தன. நம் கடல் வழியாகக் கப்பல் போகிறவரை இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் வீட்டில் இருந்தபடி பார்க்கிற வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவையும் பையனையும் படகடியில் உட்கார வையுங்கள். அந்தப் படகு எட்டு மீட்டரில் முங்கிக் கிடப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடட்டும். மரம் தன்னைத் தானே சுமந்துகொள்ளும், இழுத்துப் பிடிப்பது எஞ்சினும் இரும்பும்தான். எவ்வளவு எடை, எத்தனை ட்ரம், எஞ்சின் பக்கம் எத்தனை, முன்னாலே அணியத்துப் பக்கம் எத்தனை, சேற்றுக்கு என்ன செய்வது. எடைகளை அப்பா சொல்லட்டும், அவன் கணக்கை எழுதட்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அடித்துத் திருத்தியதை அழிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.