ஆன்டிகனியின் துன்பமா, கிரியோனின் துன்பமா?

கேள்வி: பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸ் எழுதிய ‘ஆன்டிகனி’ நாடகத்தின் பெயர் அவளுடையது, ஆனால், கடைசிவரை மேடையில் நின்று அழிபவன் கிரியோன். இது யாருடைய துன்பியல் நாடகம்? கிரியோனைக் கொடுங்கோலன் என்று தள்ளிவிடலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுங்கோலன் என்று தொடக்கத்திலேயே முத்திரை குத்திவிட்டால் நாடகத்தின் பாதிக் கனம் போய்விடும். தீப்ஸ் நகரின் வாயிலில் ஆன்டிகனியின் சகோதரர் இருவர் ஒருவரையொருவர் கொன்று வீழ்ந்த மறுநாள் காலையில் கதை தொடங்குகிறது. நகரைக் காத்த எட்டியோக்ளிஸுக்கு முழு மரியாதையுடன் ஈமக்கடன் நடக்கிறது; அந்நியப் படையுடன் வந்த பாலினைசிஸின் உடலை நாய்க்கும் பறவைக்கும் விட்டுவிட வேண்டும் என்றும், மீறி அடக்கம் செய்பவரைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்றும் அவர்களின் தாய்மாமனும் புதிய மன்னனுமான கிரியோன் ஆணையிடுகிறான். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக எண்ணுபவனை ஒரு பொருட்டாகவே கருதமாட்டேன் என்று அவன் அப்போது ஆற்றும் உரையை, நாடகம் எழுதப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், கி.மு. 343-இல், டெமோஸ்தனிஸ் என்ற பேச்சாளர் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் நல்ல அரசியலுக்குச் சான்றாகவே படிக்கச் செய்தார். எதிர்த்தரப்பில் நின்ற எஸ்கினிஸ் முன்னாள் நடிகர், கிரியோனாக வேடமிட்டவர் என்பது அந்த வழக்கின் தனிச்சுவை. துரோகிகளை ஏதென்ஸின் மண்ணில் புதைக்கக்கூடாது என்ற சட்டமும் அங்கே இருந்தது. எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைக்க அச்சட்டம் தடை சொல்லவில்லை. கிரியோன் அந்த வழியையும் அடைத்துவிடுகிறான். அவனுடைய ஆணையை மீறிச் சகோதரன் பாலினைசிஸின் உடலுக்கு ஈமக்கடன் செய்துதான் ஆன்டிகனி பிடிபடுகிறாள்.

தன்னை மறுத்துப் பேசுவோரை அவன் எப்படி நடத்துகிறான் என்பதில்தான் அவனுடைய சரிவு தெரிகிறது. பிணத்துக்குக் காவல் நின்றவனையும், கண்பார்வையற்ற ஞானி டைரீசியஸையும் காசுக்கு விலைபோனவர்கள் என்கிறான். ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்ட தன் மகன் ஹீமோன், ஊரே அவளுக்காக இரங்குகிறது என்று பணிவாக எடுத்துச் சொன்னபோது, அவனைப் பெண்ணுக்கு அடிமை என்கிறான். ஒருவனுக்கே சொந்தமான நகரம் நகரமே ஆகாது என்று மகன் சொல்வதும் அவன் காதில் ஏறவில்லை. கல்லெறி தண்டனையை மட்டும் மாற்றி, அவளைக் குகைக்குள் வைத்து அடைத்து, நகருக்குத் தீட்டு வராத அளவுக்குச் சிறிது உணவும் வைக்கச் சொல்கிறான்.

என் கணிப்பில், நாடகத்தின் முடிச்சு அவன் மனம் மாறிய பிறகு வருகிறது. பலிபீடங்களில் பிணத்தின் தசை சிதறிக் கிடக்கிறது, தெய்வங்கள் பலியை ஏற்க மறுக்கின்றன என்று டைரீசியஸ் எச்சரித்துப் போனதும், முதியோர் குழு தெளிவாக வரிசை சொல்கிறது: முதலில் குகைக்குப் போய்ப் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு. கிரியோனோ முதலில் பாலினைசிஸின் எஞ்சிய உடலைக் கழுவி, புதிதாக ஒடித்த கிளைகளால் எரித்து, மண்மேடு எழுப்பிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கிட்டுக்கொண்டாள். ஹீமோன் தந்தையின் மேல் வாளோங்கித் தவறி, அதே வாளில் தானும் மடிகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் கணவனைச் சபித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறாள். திருந்திய நிலையிலும் அவன் நகரின் தீட்டைத்தான் முதலில் கழுவினான். மன்னன் முந்திக்கொண்டான், தந்தை பிந்திவிட்டான். ஆகவே, அழிவை வாழ்ந்து அனுபவிப்பவன் கிரியோன் என்ற தங்கள் எண்ணம் சரியே. ஆனால், அந்த அழிவைக் கிளப்பிவிடும் உறுதி ஆன்டிகனியுடையது என்பதால் பெயரும் அவளுக்குத்தான் பொருந்தும்.

கேள்வி: கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் இப்படி ஆணையை மீறியிருக்கமாட்டேன், பெற்றோர் இல்லாத நிலையில் இன்னொரு சகோதரன் கிடைக்கமாட்டான் என்று ஆன்டிகனி சொல்வது இடிக்கிறதே? – வாசகர், மதுரை

பதில்: ஜெர்மானியக் கவிஞர் கதேவுக்கும் அது இடித்தது, அவ்வரிகள் இடைச்செருகல் என்று அறிஞர் யாரேனும் நிறுவ வேண்டும் என விரும்பினார். ஆனால், கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் அவற்றை இந்நாடகத்தின் வரிகளாக எடுத்தாளுகிறார். எழுதாத, என்றும் மாறாத தெய்வ நியதி என்று கிரியோனின் முகத்துக்கு நேரே முழங்கியவள், குகைக்குப் போகும் வேளையில் அந்தப் பொதுநியதியை ஒரே ஓர் உறவுக்கு உரியதாகச் சுருக்கிவிடுகிறாள் என்பது உண்மை. இருந்தாலும் அவ்வரிகளை நான் நீக்கமாட்டேன். மணமாகாமலே சாகப் போகிறேன் என்று சற்றுமுன் புலம்பிய பெண், இத்தனையையும் எதற்காக இழக்கிறோம் என்று தனக்கே கணக்குச் சொல்லிப் பார்க்கும் இடம் அது. கணக்கு நேராகாமல் போவதே அங்கே இயல்பு.

கேள்வி: ஆன்டிகனியின் தங்கை இஸ்மீன் வெறும் கோழைதானே? – வாசகர், திருநெல்வேலி

பதில்: நான் அப்படிச் சொல்லமாட்டேன். பெண்கள் நாம், ஆள்வோரை எதிர்க்க வலுவில்லை என்று முதலில் ஒதுங்கியவள், அக்காள் பிடிபட்டதும் குற்றத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று மன்னன் முன்னிலையிலேயே கூறுகிறாள். நீ வாழ்வைத் தேர்ந்தாய், நான் சாவைத் தேர்ந்தேன் என்று அக்காள்தான் அவளை விலக்குகிறாள். கிரியோன் இவளை விடுவித்தபின் இவள் மேடைக்கு வருவதில்லை. அரச குலத்தில் எஞ்சியவள் நான் ஒருத்தியே என்று குகைக்குப் போகும்போது ஆன்டிகனி சொல்வதில், உயிரோடிருக்கும் தங்கைக்கு இடமே இல்லை.