மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன், 5 வயது மகனை எப்படிப் பழக்குவது?

மனைவி இறந்து 2 வருஷம் ஆகிறது, சீக்கிரம் மறுமணம், பையன் அதை எப்படி எடுத்துக்கொள்வான் என்று பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தவள் இல்லை, உங்கள் வீட்டுக்கு வரப்போகிறவரின் இடத்தில் இருந்தவள். நான் கல்யாணமாகிப் போனபோது என் கணவரின் மகளுக்கு நாலரை வயது.

முதல் மாதம் முழுக்க, குளியலறைக் குவளையில் இருந்த என் பல் துலக்கும் பிரஷ்ஷை தினமும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிடுவாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள், எடுத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளை அதட்டப் போன கணவரைத் தடுத்தேன். அந்தக் குவளையில் அதற்கு முன் யாருடைய பிரஷ் இருந்தது என்று அவளுக்குத் தெரியும் இல்லையா? எனக்குத் தனிக் குவளை வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை.

அது என் மேல் இருந்த வெறுப்பு இல்லை. என்னைப் பிடித்துப்போனால் அம்மாவுக்குத் துரோகம் செய்தது போல ஆகிவிடுமோ என்ற தவிப்பு. அதனால் தயவுசெய்து "இவங்கதான் உன் புது அம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும், பெயர் சொன்னாலும் பரவாயில்லை. அம்மாவின் போட்டோ இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவரைப் பற்றி வந்தவர் முன்னாலேயே சாதாரணமாகப் பேசுங்கள்.

சொல்லும்போது பெரிய விளக்கம் வேண்டாம். யார் எங்கே படுப்பார்கள், பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவார்கள், ராத்திரி கதை யார் சொல்வார்கள், இந்த வயதில் அவன் தெரிந்துகொள்ள நினைப்பது இதைத்தான். ராத்திரிக் கதை நீங்கள் சொல்வதாக இருந்தால் கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஒரு நாள்கூட விடாமல். உறவுக்காரர் யாராவது விளையாட்டுக்கு "இனிமே அப்பா உன்னைக் கண்டுக்க மாட்டார்" என்பார்கள், அங்கேயே நிறுத்துங்கள், ஏனென்றால் அவன் ஏற்கெனவே பயந்துகொண்டிருப்பதே அதற்குத்தான்.

கண்டிப்பதும் ஆரம்பத்தில் உங்கள் வேலையாகவே இருக்கட்டும். வந்தவர் விளையாடட்டும், பக்கத்தில் உட்காரட்டும், அவ்வளவு போதும். வீடு மாறுவது, பள்ளி மாற்றுவது எல்லாவற்றையும் முடிந்தால் தள்ளிப்போடுங்கள். படுக்கையில் சிறுநீர் போவது, மறுபடி விரல் சூப்புவது, ஊட்டிவிடச் சொல்வது எல்லாம் திரும்ப வரலாம். திட்டாதீர்கள். மாதக்கணக்கில் நீடித்தாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? இப்படிச் சேர்ந்த குடும்பங்களோடு பல வருஷம் வேலை செய்த உளவியலாளர் பேட்ரிசியா பேப்பர்னோ, வேகமாக ஒட்டிக்கொள்ளும் குடும்பங்களுக்கே 4 வருஷம் ஆகும் என்கிறார். நான் அதைப் படித்தபோது எங்களுக்கு 1 வருஷம்தான் முடிந்திருந்தது, அப்பாடா, நாங்கள் எதிலும் தோற்கவில்லை என்று இருந்தது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரிடமும் இந்தக் கணக்கை இப்போதே சொல்லிவிடுங்கள்.