திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு ஸ்டெம் செல் சிகிச்சை கைகொடுக்குமா?

தம்பிக்கு மஞ்சள் காமாலை முற்றி "அக்யூட் லிவர் ஃபெயிலியர்" என்று சொல்லிவிட்டார்கள், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) ஏற்றினால் கல்லீரல் மாற்றாமலே தப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். கல்லீரல் மாற்று வசதியுள்ள மருத்துவமனையில் தம்பி இப்போது இல்லையென்றால், முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் அக்கா மகள். அப்போது ஒன்பது வயது. ஹெபடைடிஸ் ஏ. காமாலைதானே என்று கீழாநெல்லி கொடுத்து, பத்தியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தோம். ஆறாம் நாள் பகலெல்லாம் தூங்கினாள். எழுப்பினால் அக்காவையே யாரென்று கேட்டாள். ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும். அவளுக்கு ஆறைத் தாண்டியிருந்தது. சென்னைக்கு ஆம்புலன்ஸில் போகும் வழியில் ஒரு ஸ்டெம் செல் நிலையத்திலிருந்து அத்தானுக்கு போன். "கத்தியே வேண்டாம், நாலு ஊசி, நாலு லட்சம்." அத்தான் தடுமாறிவிட்டார். பெற்றவர் யாராக இருந்தாலும் தடுமாறத்தான் செய்வார்.

அந்த யோசனையில் அறிவியல் இல்லாமலில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் உள்ளே போய்ப் புதுக் கல்லீரலாக வளரும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை பெரும்பாலும் செய்வது வேறு: அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து, மிச்சமிருக்கும் கல்லீரல் செல்கள் தாமே பெருக வழிவிடுவது. சீனாவில் 110 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை நான்கு வாரம் இந்தச் செல்களைப் பெற்றவர்களில் 73.2 சதவீதம் பேர் 24 வாரம் கழித்து உயிரோடிருந்தார்கள். பெறாதவர்களில் 55.6 சதவீதம். நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் ஹெபடைடிஸ் பி-யால் நாள்பட்ட பாதிப்பு இருந்து, அதன்மேல் திடீரென மோசமானவர்கள். நேற்றுவரை நல்ல கல்லீரலோடு இருந்தவர்கள் அல்ல. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்ததும் இந்த ஆய்வுதான், நோயின் பெயர் மட்டும் இல்லாமல். எங்கள் பிள்ளைக்கு நான்கு வாரம் எங்கே இருந்தது?

இன்னொன்று. திடீர்ச் செயலிழப்பில் சிலருக்குக் கல்லீரல் தானாகவே மீண்டுவிடும். ஊசிக்குப் பிறகு அப்படி மீண்டால் பெயர் ஊசிக்குப் போய்விடும்.

எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருவது லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் அனில் தவான் குழு செய்த வேலை. அது ஸ்டெம் செல் அல்ல. தானமாக வந்த கல்லீரலின் முதிர்ந்த செல்கள். அவற்றை ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழாலான குறுமணிகளுக்குள் அடைத்து வயிற்றறைக்குள் விடுகிறார்கள். மணிக்குள் இருப்பதால் உடலின் எதிர்ப்பு சக்தி செல்களைத் தாக்காது. அவை சில காலம் கல்லீரலின் வேலையைப் பார்க்கும். 2020இல் வெளியான முடிவில், எட்டுக் குழந்தைகளில் நான்கு பேருக்கு மாற்று அறுவையே தேவைப்படவில்லை. மூன்று பேர் அறுவை வரை தாக்குப்பிடித்தார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டுமே ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. கல்லீரலுக்கு என்றால் அனுமதி பெற்ற ஆய்வாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. நாலு லட்சம் கேட்டவர்களை அத்தான் மறுத்தது சரி என்று எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

மருத்துவரிடம் பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் பற்றிக் கேளுங்கள். ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்துவிட்டு, தானமாக வந்த பிளாஸ்மாவை ஏற்றுவது அது. திடீர்ச் செயலிழப்பு வந்த 182 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இதைப் பெறாதவர்களில் 47.8 சதவீதம் பேர் பிழைத்தார்கள், பெற்றவர்களில் 58.7 சதவீதம். எங்கள் பிள்ளைக்கு இரண்டுமுறை செய்தார்கள். அந்த அவகாசத்தில் அத்தானுக்குப் பரிசோதனைகள் முடிந்தன. அவருடைய கல்லீரலின் இடப்பக்கத் துண்டுதான் இன்று அவளுக்குள் இருக்கிறது. நீங்கள் தமிழ்நாட்டில் இருந்தால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இந்த அறுவை நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என்ன ரத்த வகை என்று இன்றிரவே எழுதி வையுங்கள். எங்களிடம் முதலில் கேட்டது அதைத்தான், அத்தானுக்குத் தன் ரத்த வகை தெரிந்திருக்கவில்லை.